ஒரு புரதத்தின் தேசப்படம்

மனிதரைப் பற்றும் பாப்பிலோமா வைரஸ்களுள் 16-ஆம் வகை எனப்படுவது தன்னுள் தாங்கியிருக்கும் மரபுச் செய்தி முழுவதும் ஏறத்தாழ 7,900 எழுத்துகளுக்குள் அடங்கிவிடும். அச்செய்தியின் ஒரு சிறு பகுதி ஈ-7 என்னும் புரதத்தைப் படைப்பதற்கானது; அப்புரதமோ 98 அமினோ அமிலங்களே நீளமுள்ளது. கருப்பைவாயின் செல்கள் பெருகுவதற்கு இயற்கை விதித்திருக்கும் வரம்பை மீறச்செய்து, பல ஆண்டுகள் கழிந்தபின் அவற்றைப் புற்றாக முற்றவைக்கும் காரியத்தில், ஈ-6 என்னும் தன் துணைப் புரதத்தோடு கூடி முதன்மையாக நிற்பது இந்தச் சிறு வஸ்துவே என்பது இன்று ஐயத்துக்கு இடமற்ற உண்மை. இதன் உடலில் எந்தெந்த இடத்தை எதிர்ப்பொருள்கள் பற்றுகின்றன என்று குறித்துவைக்க, 1980-களின் பிற்பகுதியிலிருந்து ஹைடெல்பெர்க், பிரிஸ்பேன், ஸ்டாக்ஹோம், பால்டிமோர் ஆகிய நகரங்களில் நடந்த உழைப்பின் சரித்திரத்தை இங்கே சொல்ல விரும்புகிறேன். பெரிய கண்டுபிடிப்புகளின் நிழலில் மறைந்துபோன உழைப்பு இது. ஆயினும் நோயுற்ற பெண்களின் ரத்தத்தையே சாட்சியாக வைத்து, அந்தச் சாட்சி என்ன சொல்கிறது என்பதை எழுத்தெழுத்தாகக் கேட்டறிய முயன்ற உழைப்பாகையால், அது மறக்கப்படுவது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம்.

வைரஸ் கண்டறியப்பட்ட கதை பிரசித்தமானது. ஆகவே அதைச் சுருக்கமாகவே சொல்லிச் செல்கிறேன். 1970-களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெர்ப்பஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் இரண்டாம் வகையாயிருக்கலாம் என்பதே பண்டிதர்களிடையே ஓங்கியிருந்த கொள்கை. ஜெர்மானிய மருத்துவரான ஹரால்ட் சூர் ஹௌஸன் அந்தப் புற்றுத் திசுக்களில் ஹெர்ப்பஸின் மரபுப்பொருளைத் தேடிக் காணாமல், பிறர் அற்பமென்று கருதிய மருக்களின் வைரஸிடம் தம் கவனத்தைத் திருப்பினார். 1983-இல் 16-ஆம் வகையையும், அடுத்த ஆண்டிலேயே 18-ஆம் வகையையும் அவருடைய குழுவினர் புற்றுத் திசுக்களிலிருந்து பிரித்தெடுத்து வெளியிட்டனர். 2008-இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது. அப்பரிசுக்கு இணையாகவே நான் மதிப்பது, தாம் பிரித்தெடுத்த மரபுத் துண்டுகளைக் கேட்ட ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் தயங்காது அனுப்பிவைத்த அவருடைய ஔதாரியத்தை. அந்தத் தாராளம் இல்லாதிருந்தால், நான் சொல்லப்புகும் வேலை இத்தனை நகரங்களில் ஒரே காலத்தில் தொடங்கியிருக்க முடியாது.

1985-இல் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. புற்றிலிருந்து எடுத்துக் கண்ணாடிக் கலங்களில் வளர்க்கப்பட்டுவந்த செல்களில், வைரஸின் மரபுப்பொருள் மனிதக் குரோமோசோமுக்குள்ளேயே புகுந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படிப் புகுந்தபோது வைரஸின் பல பகுதிகள் அறுந்தும் சிதைந்தும் போயிருக்க, ஈ-6, ஈ-7 ஆகிய இரண்டின் செய்தி மட்டும் சேதமின்றி இருந்து இடைவிடாமல் படிக்கப்பட்டுவந்தது. அச்செல்களுள் உலகறிந்தவை ஹீலா செல்கள். 1951-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணியின் உடலிலிருந்து, அவர் சம்மதம் கேட்கப்படாமலே எடுக்கப்பட்டவை அவை. அப்பெண்மணி மறைந்து 30 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், அவரைக் கொன்றது 18-ஆம் வகை வைரஸ் என்பதை அவருடைய செல்களே கூறின. 1989-இல், ஈ-7 புரதம் மனித செல்லில் பிரிவைக் கட்டுப்படுத்தும் ரெட்டினோபிளாஸ்டோமா புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது அமெரிக்காவில் நிறுவப்பட்டது. அந்தப் பிடிக்கு இன்றியமையாத அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் எழுத்துகள், 22-க்கும் 26-க்கும் இடையில் உள்ளன. அடுத்த ஆண்டில், ஈ-6 புரதம் பி-53 என்னும் காவல் புரதத்தைப் பற்றி அழிவுக்கு அனுப்புகிறது என்பதும் தெரியவந்தது.

இனி, தேசப்படம் வரையும் கருவிகளின் கதைக்கு வருவோம். ஒரு விலங்கின் உடலில் புரதமொன்றைச் செலுத்தினால் அதன் ரத்தத்தில் எழும் எதிர்ப்பொருள்கள் ஒருவகையாக இருப்பதில்லை. ஒரே புரதத்தின் வெவ்வேறு இடங்களைப் பற்றும் பலவகைகள் கலந்து ஓடும். அக்கலவையிலிருந்து ஒருவகையை மட்டும் தனித்து, வற்றாமல் பெறும் வழியை 1975-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீஸர் மில்ஸ்டைனும் கண்டனர். எதிர்ப்பொருள் சுரக்கும் சுண்டெலி செல் ஒன்றை, சாவறியாமல் பெருகும் மையலோமாப் புற்றுச் செல்லோடு இணைத்ததே அவர்கள் செய்த காரியம். இவ்வாறு பிறந்த மோனோக்ளோனல் எதிர்ப்பொருள் ஒவ்வொன்றும் ஒரே இடத்தை மட்டும் சுட்டும். அதற்கும் 12 ஆண்டுகள் முன்பே, 1963-இல், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஸ்தாபனத்தில் புரூஸ் மெரிஃபீல்ட் அமினோ அமிலங்களைத் திடப்பொருளொன்றின்மேல் ஒவ்வொன்றாகக் கோத்துப் புரதத் துண்டுகளைச் செய்யும் ரசாயன முறையை வெளியிட்டிருந்தார்.

எதிர்ப்பொருள் ஆய்வையும் இந்த ரசாயன முறையையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தவர் மெல்போர்னில் பணியாற்றிய மரியோ கெய்ஸன். 1984-இல் அவர், நெதர்லாந்தின் கால்நடை ஆராய்ச்சியாளர்களான மெலூன், பார்ட்டெலிங் ஆகியோருடன் சேர்ந்து, மாடுகளுக்குக் கோமாரி நோயைத் தரும் வைரஸின் 213 எழுத்து நீளமுள்ள புரதமொன்றை எடுத்துக்கொண்டு, அதை ஆறாறு எழுத்துகளாக, ஒவ்வோர் எழுத்து நகர்த்தி நகர்த்தி, சாத்தியமான 208 துண்டுகளையும் செய்து, அவற்றுள் எவற்றை எதிர்ப்பொருள் பற்றுகிறது என்று பார்த்தார். ஒற்றை எழுத்தளவு நுட்பத்தோடு ஒரு புரதத்தின் பற்றுமிடம் முதன்முதலாகக் காகிதத்தில் ஏறியது. அதே 1984-இல்தான் மெரிஃபீல்டுக்கு ரசாயனத்திலும், கோலருக்கும் மில்ஸ்டைனுக்கும் மருத்துவத்திலும் நோபல் பரிசுகள் வழங்கப்பட்டன. பழைய கலைகள் இரண்டு மகுடம் சூட்டப்பெற்ற ஆண்டிலேயே புதிய கலையொன்று பிறந்தது.

அக்கலையை அருகிருந்து பார்ப்பது பயன்தரும். பாலிதீனால் ஆன 96 குச்சிகள், எட்டு நிரையும் பன்னிரண்டு நிரலுமாக ஒரு பலகையில் குத்தி நிறுத்தப்பட்டிருக்கும். ஆய்வுக்கூடங்களில் எங்கும் புழங்கும் 96 குழித் தட்டின் குழிக்கொன்றாக அவை இறங்கும்படி அளவு பொருந்தியிருக்கும். ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் ஒவ்வொரு துண்டு வளரவேண்டும். அதற்காகக் குழிகளில் அந்தந்தக் குச்சிக்குரிய அமினோ அமிலக் கரைசலை ஊற்றி, பலகையைக் கவிழ்த்து வைத்து, இணைப்பு நிகழும்வரை காத்திருந்து, பின்னர் கழுவி, அடுத்த எழுத்து ஏறுவதற்கு வழிமறித்து நிற்கும் காப்புக் கூறை நீக்கி, மீண்டும் குழிகளை நிரப்புவார்கள். துண்டின் கடைசி எழுத்து முதலில் ஏறும்; முதல் எழுத்து கடைசியில் ஏறும். 96 குழிகளில் எந்தக் குழிக்கு எந்த அமிலம் என்பதில் ஒருமுறை கை தவறினாலும் அந்தக் குச்சி சொல்வதெல்லாம் பொய்யாகிவிடும். தவறு நேர்ந்ததென்று காட்ட அக்குச்சியில் அடையாளம் எதுவும் இராது. துண்டுகள் முற்றுப்பெற்றபின், எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க வேறொரு புரதக் கரைசலில் குச்சிகளைத் தோய்த்தெடுத்து, எதிர்ப்பொருள் கலந்த நீரில் இரவு முழுவதும் குளிரில் வைப்பார்கள். காலையில் கழுவிவிட்டு, முதல் எதிர்ப்பொருளைத் தேடிப் பற்றும் இரண்டாவது எதிர்ப்பொருளொன்றில், அதாவது நொதி பூட்டப்பட்ட ஒன்றில், அமிழ்த்துவார்கள். முடிவில் நிறமற்ற திரவம் நிறைந்த தட்டில் குச்சிகள் இறங்கும்போது, பற்று நிகழ்ந்திருக்கும் குழிகளில் மட்டும் நிறம் மெல்ல ஏறும். அதன்பின் அதே குச்சிகளை மெர்காப்டோ எத்தனால் கலந்த சவர்க்கார நீரில், மூக்கைத் துளைக்கும் நாற்றத்துக்கிடையே, ஒலியலைத் தொட்டியில் அதிரவைத்து எதிர்ப்பொருளை உதிர்த்துவிட்டு, அடுத்த சீரத்துக்கு, அதாவது எதிர்ப்பொருள் கலந்த ரத்தத் தெளிநீருக்கு, தயார்செய்வார்கள்.

ஈ-7 இந்த முறைக்கென்றே அளந்து படைக்கப்பட்டதுபோன்ற நீளமுடையது. 98 எழுத்துகளை எட்டெட்டாக, ஒவ்வொன்று நகர்த்தி வெட்டினால் கிடைப்பவை 91 துண்டுகள். ஒரே பலகையில் அத்தனையும் அடங்கி, சரிபார்ப்புக்கென ஐந்து குச்சிகளும் மீதமிருக்கும். உதாரணமாக, ஓர் எதிர்ப்பொருளுக்கு 44 முதல் 48 வரையுள்ள ஐந்து எழுத்துகளும் தேவையென்று வைத்துக்கொண்டால், 41, 42, 43, 44 ஆகிய இடங்களில் தொடங்கும் நான்கு துண்டுகளில் மட்டுமே அவ்வைந்தும் முழுமையாக இருக்கும். ஆகையால் அடுத்தடுத்த நான்கு குழிகள் நிறம் பெற்று, இருபுறமும் வெறுமை நிற்கும். அந்த நான்குக்கும் பொதுவான எழுத்துகளைக் கோடிட்டால் பற்றுமிடம் வெளிப்பட்டுவிடும்.

பிரிஸ்பேனில் ராபர்ட் டின்டிலும் இயன் ஃப்ரேஸரும், கெய்ஸனையே துணையாகக் கொண்டு, சுண்டெலி எதிர்ப்பொருள்களால் 16-ஆம் வகை ஈ-7 புரதத்தை ஆராய்ந்து 1990-இல் முடிவுகளை வெளியிட்டனர். 18-ஆம் வகையின் ஈ-7 புரதமும் அதே ஆண்டில் அதே குழுவினரால் ஆராயப்பட்டது. ஸ்டாக்ஹோமில் யோவாக்கிம் டில்னர் செயற்கைத் துண்டுகளைக்கொண்டு இந்த வைரஸின் ஈ-6, ஈ-7 போன்ற தொடக்கப் புரதங்கள் அனைத்தையும் வரிசையாகச் சோதித்து, தம் படத்தை அவ்வாண்டிலேயே முன்வைத்தார். ஹைடெல்பெர்கில் மார்ட்டின் மியூல்லரும் லுட்ஸ் கிஸ்மனும் வேறு வழியில் சென்றனர். வைரஸின் மரபுப்பொருளை இடம்பாராது துண்டுதுண்டாக்கி, ஒவ்வொரு துண்டும் தனக்குரிய புரதக் கூற்றை வெளிக்காட்டும்படி செய்து, மனித சீரம் எதைப் பற்றுகிறது என்று தேடினர். முறைகள் வேறாயினும் ஈ-7 குறித்து அவர்கள் பெரும்பாலும் ஒரே பிரதேசத்தையே சுட்டினார்கள். புரதத்தின் முற்பாதியே, அதிலும் 35-ஐ ஒட்டித் தொடங்கி 50-ஐத் தாண்டும் நடுப்பகுதியே, எதிர்ப்பொருள்களின் விருப்பத்துக்குரிய இடமாயிருந்தது.

இதற்குக் காரணம் பின்னரே தெளிவுபட்டது. ஈ-7 புரதத்தின் முற்பாதி நிலையான வடிவமெதுவும் கொள்ளாமல் நெகிழ்ந்து அலைவது. 33 முதல் 37 வரையுள்ள ஐந்து எழுத்துகளும் அமிலத்தன்மை கொண்டவையாய் ஒன்றையொன்று விலக்கி நிற்பவை. அப்படிப்பட்ட பகுதி நீரில் வெளிநீட்டி, எளிதில் எட்டும்படி கிடக்கும். பிற்பாதியோ, 58-லும் 61-லும், 91-லும் 94-லும் உள்ள சிஸ்டீன்கள் நான்கும் ஒரு துத்தநாக அணுவைச் சூழ்ந்து பிடித்திருக்க, இறுக மடிந்து கிடப்பது. வெட்டிய துண்டுகள் நெகிழ்ந்த பகுதியை உள்ளபடி காட்டும். மடிந்த பகுதியை அவ்வாறு காட்டமாட்டா. பிரிஸ்பேன் குழுவினர் கண்ட மற்றொரு விசேஷமும் இங்கே குறிப்பிடத்தக்கது. 44 முதல் 48 வரையுள்ள பற்றுமிடத்தை ஒட்டியே, 48 முதல் 54 வரை, எதிர்ப்பொருள் உற்பத்திக்குத் துணைநிற்கும் டி-செல்களைத் தூண்டும் இடமும் அமைந்திருந்தது.

ஆனால் சுண்டெலியின் எதிர்ப்பொருள் வேறு, நோயுற்ற பெண்ணின் ரத்தம் வேறு. 1989-இலேயே ஹைடெல்பெர்க் குழுவினர், ஈ-7 புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் கருப்பைவாய்ப் புற்றுநோயுள்ள பெண்களின் சீரத்தில் பிறரைவிட மிகுதியாகக் காணப்படுகின்றன என்று அறிவித்திருந்தார்கள். இது பெரிய நம்பிக்கையை எழுப்பிற்று. ஒரு துளி ரத்தத்தால் நோயை அறியலாமென்ற ஆசை யாருக்குத்தான் இராது? அந்த ஆசையோடு குறுந்துண்டுகளை வைத்துச் சோதனைகள் நடந்தன. பலன் ஏமாற்றமளித்தது. நோயுற்றோருள் பலரின் ரத்தம் துண்டுகளைப் பற்றவில்லை. நோயற்ற சிலரின் ரத்தம் பற்றியது. தேசப்படம் பிழையின்றி வரையப்பட்டிருந்தும் அதை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாத நிலைமை.

அந்த முடிச்சை அவிழ்த்தது 1992-இல் ஹைடெல்பெர்கும் பால்டிமோரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி. மியூல்லர், ரஃபேல் விஸ்கிடி, கிஸ்மன் ஆகியோருடன், இந்தியாவில் பிறந்து ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பல்லாண்டு இந்த வைரஸை ஆராய்ந்த கீர்த்தி ஷாவும் அதில் பங்கு கொண்டார். அவர்கள் துண்டுகளைக் கைவிட்டு, செல்லுக்கு வெளியே சோதனைக் குழாயில் ஈ-6, ஈ-7 புரதங்களை முழுமையாகப் படைத்து, கதிரியக்கக் குறியிட்டு, மடிந்த உருவிலேயே சீரத்தின் முன் வைத்தார்கள். நோயுற்ற பெண்களின் சீரம் இப்போது இவ்விரு புரதங்களையும் பற்றி இறக்கியது. நோயற்றவர்களுள் வெகு சிலரிடமே அது நிகழ்ந்தது.

சேலையொன்றை விரித்துவைத்துக் கரையை மட்டும் முழம்முழமாகப் பார்த்துக்கொண்டு போகிறவனுக்கு, அதை மடித்தபோது தலைப்பின் பூவும் உள்முனையின் பூவும் அடுத்தடுத்து வந்து ஒரே கோலமாவது ஒருபோதும் தெரியாது. புரதமும் அப்படித்தான், எழுத்து வரிசையில் தொலைதூரத்திலுள்ள இரண்டு இடங்கள் மடிப்பினால் அருகருகே வந்து, இரண்டும் சேர்ந்து ஒரே பற்றுமிடமாகின்றன. வெட்டியெடுத்த எட்டெழுத்துத் துண்டில் அது எப்படி இருக்கும்? புற்றுநோயாளியின் உடல் வடித்த எதிர்ப்பொருள்களில் பெரும்பங்கு இத்தகைய மடிப்பிடங்களைப் பற்றுவனவே என்பது விளங்கியது. ஆகவே அந்த ஏமாற்றத்தைத் தோல்வியென்று நான் கொள்ளவில்லை. நேர்வரிசையில் காணும் இடங்கள் இவை என்று குச்சிகள் துல்லியமாகச் சொல்லியிருந்ததனால்தான், அவற்றுக்கு அப்பாலும் இடங்கள் உண்டென்பது துலக்கமாயிற்று.

ஈ-7 செல்லின் உள்ளே வாழ்வது. எதிர்ப்பொருளோ வெளியே ரத்தத்தில் ஓடுவது. ஆகையால் அந்தப் பெண்களின் எதிர்ப்பொருள்கள் அவர்களைக் காக்கவில்லை. செல்கள் சிதைந்து புரதம் வெளியே கசிந்தபின், நோய் ஊன்றிவிட்டதென்பதற்குச் சாட்சியாகவே அவை எழுந்தன. காக்கும் எதிர்ப்பொருள் வேண்டுமானால் வைரஸ் செல்லுக்குள் புகுமுன்பே அதன் வெளியோட்டைப் பற்றவேண்டும். அந்த ஓடு எல்-1 என்னும் புரதத்தால் ஆனது. ஐந்தைந்தாகச் சேர்ந்த 72 கொத்துகள், ஆக 360 பிரதிகள். 1991-இல் பிரிஸ்பேனில் ஃப்ரேஸரும் சீனத்திலிருந்து வந்த ஜோ ஜியானும், அடுத்த ஆண்டில் அமெரிக்காவின் பெதஸ்டாவில் ஜான் ஷில்லர், டக்ளஸ் லோவி குழுவினரும், எல்-1 புரதம் தானாகவே கூடி வெற்றோடாக அமைவதைக் காட்டினர். அங்கும் அதே பாடமே கிடைத்தது. ஓட்டின் மேற்பரப்பில் நீட்டிநிற்கும் வளைவுகள் பல சேர்ந்து உருவாக்கும் இடங்களையே காப்பாற்றும் எதிர்ப்பொருள்கள் பற்றின. கொத்தைக் குலைத்து நேராக்கிவிட்டால் அவை அதை அடையாளம் காணவில்லை. 2006-இல் அமெரிக்காவில் அனுமதிபெற்ற முதல் தடுப்பூசியில் துண்டுகள் இல்லாமல் முழு ஓடுகளே இருப்பதற்குக் காரணம் இதுதான். அதைக் காண ஜோ ஜியான் உயிரோடிருக்கவில்லை. 1999-இலேயே, 42-ஆம் வயதில், அவர் காலமானார். கருப்பைவாய்ப் புற்றினால் பெருந்தொகையான பெண்களை ஆண்டுதோறும் இழக்கும் நம் நாட்டில் அவர் பெயரைப் பாடப்புத்தகங்கள் சொல்லவேண்டுமென்று நான் மனமார விரும்புகிறேன்.

ஈ-6 புரதத்தின் படம் தாமதமாகவே வரையப்பட்டது. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும் இயல்புடைய அப்புரதத்தைச் சுத்தமாகக் கரைசலில் நிறுத்துவதே பெரும்பாடு. ஸ்ட்ராஸ்பூர்கை அடுத்த ஆய்வுக்கூடத்தில் ஜில் டிராவே முதலியோர் அதனோடு பல்லாண்டு போராடினர். புரதத்தின் முற்பகுதியைப் பற்றும் எதிர்ப்பொருளின் சிறு கூறொன்றைக் கொண்டு, ஈ-6 பி-53 புரதத்தை அழிப்பதைத் தடுக்கலாமென்று 1999-இல் காட்டினார்கள். 2013-இல் அதன் முழு வடிவத்தையும், இரையைப் பிடிக்கும் அதன் பள்ளத்தையும் படிகக் கதிர்ப்படத்தால் வெளியிட்டார்கள். சாட்சியைப் படிக்கத் தொடங்கிய கலை, பகைவனின் கையைப் பிடித்து நிறுத்தும் மருந்துக்கும் வழிகாட்டலாமென்ற எண்ணத்துக்கு இது இடந்தந்தது.

அதே 2013-இல் சீரச் சாட்சியின் மதிப்பும் எதிர்பாராத இடத்தில் உயர்ந்தது. ஐரோப்பாவின் பத்து நாடுகளில், 1990-களில், உணவுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்வதற்காக ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்யப்பட்டனர். அவர்களுள் பலர் ஆரோக்கியமாயிருந்த காலத்தில் கொடுத்த ரத்தம் குளிரறைகளில் சேமிக்கப்பட்டிருந்தது. அவர்களுள் சிலருக்குப் பின்னாளில் தொண்டையின் நடுப்பகுதியில் புற்று கண்டது. ஹைடெல்பெர்கின் டிம் வாட்டர்போயர் முதலியோர் வளர்த்த முறையில், நிறமிட்ட நுண்மணிகளின்மேல் ஈ-6 புரதத்தைத் துண்டாக்காமல் முழுமையாகவே ஏற்றி, அந்தப் பழைய ரத்தத்தைச் சோதித்தார்கள். பின்னாளில் தொண்டைப் புற்றுக்கு ஆளானவர்களுள் 34.8 சதவீதத்தினரின் ரத்தத்தில் 16-ஆம் வகை ஈ-6 புரதத்துக்கான எதிர்ப்பொருள் முன்பே இருந்தது. ஒப்புநோக்க எடுத்துக்கொண்ட பிறரிடம் அது 0.6 சதவீதமே. சிலரிடம் நோய் அறியப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே அது தோன்றியிருந்தது. கருப்பைவாயில்போலக் கண்ணால் கண்டு கிள்ளியெடுத்துச் சோதிக்கத்தக்க புற்றுக்கு முந்தைய நிலைப் புண் தொண்டையில் புலப்படுவதில்லையாகையால், இச்சாட்சி ஒருவருடைய ரத்தத்தில் தென்பட்டால் அவரை எப்படி, எத்தனை காலத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பது என்பதே இப்போது இத்துறையினர் கைக்கொண்டிருக்கும் காரியம்.